கட் சொன்னா துடுப்பு நிக்கணும்

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலு வருசம் ஆகியிருந்தது. போனவன் போனபடி இருந்தால் என்ன? சினிமா பிடிக்கிறேன் என்று ஒருத்தன் லண்டனிலிருந்து கப்பலேறி வந்து, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருந்த மீனவர் குப்பத்தில் கூடாரம் அடித்தான். அவனுக்குக் கடல் வேண்டும், படகு வேண்டும், அலையைக் கிழித்துக்கொண்டு போகிற ஆம்பளைகள் வேண்டும். எல்லாம் குப்பத்தில் இருந்தது. அவன் பேசுகிற இங்கிலீஷ் மட்டும்தான் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அதற்காகப் பிடித்து வந்த ஆள்தான் எல்சி. ராயபுரத்துப் பெண், முப்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை. பிரசவ லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டீச்சர் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் திரும்பி வந்ததும் இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் அண்ணன் லூர்துவின் வீடு. அண்ணன் தங்கமானவன். அண்ணியும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் எல்சி சாப்பிட உட்கார்ந்தால் போதும், அடுப்படியில் குழம்புச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு எல்சிக்குச் சோறு தொண்டையில் இறங்குவதே நின்றுபோயிருந்தது.

இந்த நேரத்தில்தான் படக் கம்பெனியின் மெட்ராஸ் மேனேஜர் செல்வநாதன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்திரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை டைப் அடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒன்பது நாளில் இவ்வளவும் குப்பத்து ஆட்களுக்குத் தலைகீழாகத் தெரிய வேண்டும், துரை சொன்னால் சொன்ன கணத்தில் நடக்க வேண்டும் என்றார். நடந்தால் அவளுக்கு ஸ்டூடியோவில் நிரந்தர வேலை. நடிகைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம், தங்கிக்கொள்ளத் தனி அறை. தனி அறை என்றதும் எல்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு சட்டி, ஒரு தட்டு, யாரும் சுரண்டாத அடுப்பு. அவள் கேட்டது அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

குப்பத்தில் வலை உலர்த்துகிற மணலில் வகுப்பு நடந்தது. கரையேற்றி வைத்த படகுதான் பெஞ்சு. துடுப்புப் போட ஆறு பேர், பின்னால் நின்று திசை பிடிக்கிற கருணாகரன், ஆக ஏழு ஆம்பளைகள். கூட்டத்தில் நிற்பதற்கென்று பத்துப் பதினைந்து பெண்கள். அவர்களில் மங்கம்மா என்கிற மீன்காரிதான் வகுப்பில் முதல். கருணாகரனின் தம்பி, துடுப்புப் போடுகிற ஆறு பேரில் ஒருத்தனான மனோகரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். திருவொற்றியூர் சந்தையில் வாயை வைத்தே பிழைத்தவளுக்கு முப்பத்திரண்டு வார்த்தை எம்மாத்திரம்?

எல்சி ஒவ்வொரு வார்த்தைக்கும் குப்பத்திலிருந்தே ஒரு விளக்கம் தேடிப் பிடித்தாள். ரிஹர்சல் என்றால் கூத்து நடக்கிறதற்கு முந்தி ஒத்திகை பார்ப்பது. ப்ராம்ப்டர் என்றால், ராஜா வேஷம் போட்டவன் பாட்டை மறந்து முழிக்கும்போது பின்னாலிருந்து அடி எடுத்துக் கொடுக்கிறானே, அவன். ரீடேக் என்றால் ஒரு தரம் எடுத்தது சரியில்லை என்று திரும்பவும் முதலிலிருந்து எடுப்பது. அதற்கு மங்கம்மாவே உதாரணம் சொல்லிவிட்டாள். வலை வெறுமனே வந்தால் மறுபடி போடுகிற மாதிரி என்றாள். க்ளோஸ் அப் என்றால் மூஞ்சியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பிடிப்பது என்றதும் மனோகரன் ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

எக்ஸ்ட்ரா என்ற வார்த்தையில்தான் வண்டி நின்றது. அது யார் என்று கருணாகரன் கேட்டான். கதையில் பேர் இல்லாமல் சும்மா வந்துபோகிறவர்கள், நீங்களெல்லாம்தான் என்றாள் எல்சி. கருணாகரன் கடல் பக்கம் கையைக் காட்டினான். "எங்க கடல்ல நாங்க எக்ஸ்ட்ராவா, டீச்சரம்மா?" என்றான். எல்சி அடுத்த வார்த்தைக்குத் தாவிவிட்டாள்.

நாலாம் நாள் செல்வநாதன் வந்து பார்த்தார். வார்த்தை எல்லாம் சொன்னார்கள். அர்த்தமும் சொன்னார்கள். ஆனால் 'கட்' என்று கத்தின பிறகும் துடுப்பு இரண்டு வீச்சு போய்த்தான் நின்றது. செல்வநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஃபிலிம் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் காசு, துரை கட் என்றால் உயிரே நின்ற மாதிரி நிற்க வேண்டும், இந்த ஒன்று சரியாக வரவில்லையென்றால் வேறு குப்பம் பார்த்துக்கொள்கிறோம், வேறு டீச்சரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போனார்.

அன்றிலிருந்து எல்சி வேறு ஆளாகிவிட்டாள். மற்ற முப்பத்தொரு வார்த்தையும் மூலைக்குப் போயின. காலையில் கட், மத்தியானம் கட், வெயில் சாயும்வரை கட். மணலில் நின்ற படகில் ஆறு பேரையும் உட்காரவைத்துத் துடுப்பு வீசச் சொல்வாள். நடுவில் கட் என்பாள். அசைந்தவன் எழுந்து வெளியே போக வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் போல ஆம்பளைகள் வெளியே போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த மாசம் கடலில் மீன் பாடே இல்லை. கம்பெனிக் கூலியை நம்பித்தான் குப்பத்தில் உலை கொதித்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள்.

கருணாகரன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அலை உடைகிற இடத்தில் துடுப்பை நிறுத்தினால் படகு குறுக்கே திரும்பிவிடும், மூன்றாவது அலையைத் தாண்டுகிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் நிறுத்தக் கூடாது, பின்னால் நிற்கிறவன் குரல் தவிர வேறெதுவும் காதில் விழக் கூடாது, அவன் அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம் என்று விலாவாரியாகச் சொன்னான். எல்சி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் அமைதியாக இருக்கிற நாள் பார்த்துத்தான் துரை படம் எடுப்பார் என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? செல்வநாதன் சொன்னார், இவள் சொன்னாள். செல்வநாதன் என்ன கடலில் பிறந்தவரா?

"துரை கட்னு சொன்னா, அப்புறம் கருணாகரன் சொன்னாலும் கேக்கக் கூடாது. ஒரே குரல்தான், துரை குரல்" என்றாள் ஆறு பேரையும் பார்த்து. பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் கன்னத்தில் அறை வாங்கினவன் மாதிரி கருணாகரன் முகம் போனது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கெட்டிக்கார டீச்சர். ஏழாம் நாள் 'கட்' ஆறு பேர் உடம்பிலும் ஊறிப்போய்விட்டது. மங்கம்மா வீட்டில் வேடிக்கை பார்ப்பாள். மனோகரன் சோற்றை உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது கட் என்பாள். உருண்டை அப்படியே அந்தரத்தில் நிற்கும். அக்கம்பக்கத்தார் கூடிச் சிரிப்பார்கள். ஒரு தரம் தண்ணீர் குடிக்கும்போது சொன்னதில், அவன் மூச்சுத் திணறி இருமித் தீர்த்தான். அதற்கும் சிரித்தார்கள். எல்சியும்தான் சிரித்தாள்.

படப்பிடிப்பு நாள் காலையில் கடல் நன்றாக இல்லை. நேற்றுவரை சாதுவாகக் கிடந்த தண்ணீர் கரையில் வந்து அறைந்துகொண்டிருந்தது. கருணாகரன் ஈரமணலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, காத்து மாறிக்கினு கீது, இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றான். செல்வநாதன் கையை உதறினார். நாளைக்குக் காலை துரைக்குக் கொழும்புக் கப்பல், ஹார்பரில் சாமானெல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்று விட்டால் கிடையாது என்றார். சொல்லிவிட்டு எல்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தனி அறையின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

எல்சி கருணாகரனிடம் போனாள். ஒரே ஒரு தரம் போய்விட்டு வந்துவிடுங்கள், துரை சீக்கிரம் முடித்துவிடுவார் என்று கெஞ்சினாள். அந்த நேரத்தில் அவள் மனசில் படகு இல்லை, அலை இல்லை, அந்த ஏழு பேரும் இல்லை. அறை மட்டும்தான் இருந்தது. பின்னாளில் அதை நினைத்து அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை. கருணாகரன் அவள் முகத்தைப் பார்த்தான். சரி என்று வேட்டியை வரிந்து கட்டினான்.

மணலில் மரமேடை போட்டுக் கேமராவை ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் துரை, கையில் தகரக் குழாய். அதில் வாயை வைத்துப் பேசினால் கடல் இரைச்சலையும் மீறிக் குரல் போகும். அந்தக் குழாயில் துரை தவிர யாரும் பேசக் கூடாது, பேசினால் அன்றோடு வேலை காலி என்று செல்வநாதன் காலையிலேயே எல்லோரையும் எச்சரித்திருந்தார். மேடைக்குக் கீழே எல்சி. அவளை ஒட்டி மங்கம்மாவும் மற்றப் பெண்களும்.

துரை ஆக்‌ஷன் என்றார். ஏழு பேரும் படகைத் தள்ளிக்கொண்டு ஓடி, தாவி ஏறினார்கள். ஆறு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. முதல் அலை படகின் மூக்கைத் தூக்கிவிட்டு இறங்கிப் போனது. மங்கம்மா வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அலை பெரிசு. படகு செங்குத்தாக ஏறி, மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. மூன்றாவது அலை தூரத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து ஒரு மேகத் துண்டு சூரியனை மூடியது. வெளிச்சம் போய்விட்டது. துரைக்கு என்ன தெரியும்? குழாயை எடுத்தார், கட் என்றார்.

ஆறு துடுப்பும் நின்றன. பாதி வீச்சில் இருந்தது பாதி வீச்சில், தண்ணீரில் இருந்தது தண்ணீரில். ஒருத்தன் தலையைக் கூடத் திருப்பவில்லை. இத்தனை நாளும் எல்சி எதற்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாளோ, அது அப்படியே அச்சுப் பிசகாமல் நடந்தது. ஒரு கணம், ஒரே கணம், எல்சிக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

பிறகுதான் படகு மெதுவாகக் குறுக்கே திரும்புவதைப் பார்த்தாள். பின்னால் கருணாகரன் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். போடு, போடு என்று கத்துகிறான் என்பது கரையிலிருந்தே தெரிந்தது. கேட்பார் இல்லை. அவன் குரலைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறதே. மூன்றாவது அலை படகின் விலாவுக்கு நேராக உயர்ந்துகொண்டிருந்தது.

மங்கம்மா எல்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம் புருசன் கல்லு மாரி குந்திகினு கீது, டீச்சரம்மா. ஏதாவது சொல்லு. நீ சொன்னாதான் கேக்கும்."

எல்சி மேடையில் ஏறினாள். ஏறினதும் தெரியாது, துரையின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினதும் தெரியாது. ஆக்‌ஷன், ஆக்‌ஷன் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஆறு துடுப்பும் ஒரே நேரத்தில் விழுந்தன. படகின் மூக்கு பாதி திரும்பியது. பாதிதான் திரும்பியது. அலை அதை அப்படியே புரட்டிப் போட்டது.

வெள்ளை நுரை தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு தலை வந்தது. இரண்டு. கருணாகரன் தலை வந்தது. நாலு, ஐந்து, ஆறு. அதற்கு மேல் வரவில்லை. மங்கம்மா எல்சியின் பின்னாலேயே மேடையில் ஏறியிருந்தாள். எல்சியின் கையைப் பிடித்திருந்தவள், நகம் பதிகிற மாதிரி இறுக்கிக்கொண்டே போனாள். கருணாகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்த படகுக்கு அடியில் முங்கினான். கரையில் நின்ற அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள். அவன் எழும்பியபோது கையில் மனோகரன் இருந்தான்.

தோள்பட்டை எலும்பு விட்டுப்போயிருந்தது. நெற்றி கிழிந்திருந்தது. தண்ணீரைக் கக்கிக் கக்கி, கடைசியில் கண் திறந்தான். மங்கம்மா அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, உயிரோடு வந்ததற்காக வாயில் வந்தபடியெல்லாம் அவனைத் திட்டினாள். எல்சி மணலில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியும். போகட்டும், ஏழு தலை இருக்கிறதே என்றுதான் இருந்தது.

செல்வநாதன் அவளைத் தேடி வந்தார். வசவு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கட் சொன்ன பிறகும் கேமராக்காரன் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தானாம். ஆட்கள் சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, அலை எழும்பி வந்து விழுங்கியதைத் துரை பார்த்தாராம். இப்படி ஒரு காட்சியை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லையாம். என்ன, வெளிச்சம்தான் இல்லை. சூரியன் வந்ததும் அதே மாதிரி இன்னொரு தரம் வேண்டும், அதே இடத்தில் நிற்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டூடியோவில் உங்களுக்கு வேலை, துரையே வாயால் சொல்லிவிட்டார் என்றார்.

எல்சி துரையிடமே ஓடினாள். ஒரு மனுசன் சாகப் பார்த்தான் என்று இங்கிலீஷில் சொன்னாள். துரை மரியாதையாகத்தான் கேட்டார். யாரும் சாகவில்லையே, மீன் மாதிரி நீந்துகிற ஆட்கள்தானே என்றார். அவருக்குக் கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்கு அடக்க முடியாத ஆத்திரத்தைக் கொடுத்தது. அவளைத் தாண்டிப் போய், குழாயை எடுத்துக் கரையைப் பார்த்து, ரீடேக், ஸ்டாண்ட் பை என்று கூப்பிட்டார்.

மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஐந்து பேரும் எழுந்தார்கள். மனோகரன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்து நின்றான். புரட்டி நிமிர்த்தின படகை மூக்கு கடலைப் பார்க்கிற மாதிரி திருப்பினார்கள்.

எல்சி கருணாகரன் முன்னால் போய் நின்று, வேண்டாம், போகாதீர்கள், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றாள். அவன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். காலையில் பார்த்த அதே பார்வை.

"மேனேஜர் சொன்னாரு, ஒனக்கு வேல போட்டுத் தராங்களாமே. எங்களாண்ட ஒம்போது நாளா தொண்ட கிழிய கத்துன. அதுக்காச்சும் ஒரு தபா போய்ட்டு வந்துடறோம். நீ பேஜாராவாத."

எனக்கு அந்த வேலை வேண்டாம் என்றாள். அவன் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? அந்த வேலைக்காக அவள் எப்படிப் பறந்தாள் என்பதைக் குப்பமே பார்த்திருக்கிறது. போதாததற்கு, கவிழ்ந்த படகோடு நின்றுவிட்டால் பயந்துவிட்டான் என்று பேச்சு வருமே, அந்த வீம்பு வேறு. ஏழு பேரும் படகில் தோள் கொடுத்தார்கள். மேகம் விலகிக்கொண்டிருந்தது. துரை குழாயை வாய்க்குக் கொண்டுபோனார். படகு மணலை விட்டு ஈரத்துக்கு நகர்ந்தது.

எல்சி இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள். சகுனம் பார்த்துக்கொண்டு லேட்டாக வருகிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவள். ஆனால் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே. எதைக் கேட்டால் இந்த மனுசர்கள் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய முதுகைப் பார்த்து, கடலுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கருணாகரன், எங்க போறீங்க?"

படகு நின்றது. யாரும் நிற்கச் சொல்லவில்லை, தானாக நின்றது. ஏழு தோளும் இறங்கின. கருணாகரன் திரும்பினான்.

"கேட்டுட்டியா?" என்றான்.

"கேட்டுட்டேன்."

அவன் கையை உதறிக்கொண்டு ஈரத்திலிருந்து வெளியே வந்தான். மற்ற ஆறு பேரும் படகின் மூக்கை மேட்டைப் பார்க்கத் திருப்பினார்கள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, அதுவும் எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால், அன்றைக்குத் தங்கமே கொட்டிக் கிடந்தாலும் அந்தப் படகு தண்ணீரில் இறங்காது. மங்கம்மா மனோகரன் தலையை மடியில் வைத்தபடியே பக்கத்தில் வந்து நின்ற எல்சியைக் குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். இம்மாம் படிச்ச பொம்பள, கூறு வேணாமா, கடலுக்குப் போற ஆம்பளய போயி அப்படி கேப்பாங்களா என்று ஏசினாள். ஏசிக்கொண்டே ஒரு கையால் எல்சியின் முந்தானையைப் பிடித்தவள் விடவே இல்லை.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கேமரா தயாராக இருந்தது. ஆட்கள் படகை மேட்டில் ஏற்றிவிட்டுத் துடுப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கூலியை இரண்டு மடங்காக்கிச் சொல்லும்படி செல்வநாதனிடம் கூறினார். செல்வநாதன் அசையவில்லை. அவரே காலையில் செருப்பை மாட்டும்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று எல்சியைக் கை காட்டிவிட்டார்.

துரை அவளிடம் வந்தார். அப்படி என்ன சொல்லி அவர்களை நிறுத்தினாய் என்று கேட்டார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன் என்றாள் எல்சி, நல்ல இங்கிலீஷில், ஒரு எழுத்துப் பிசகாமல்.

"அவ்வளவுதானா?" என்றார் துரை.

"அவ்வளவுதான்" என்றாள்.